ஆணம் இல்லாத கடைக்கு ஒரு நட்சத்திரம்

பதுளை கடைவீதியில் ஜஸீலைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஜஸீலின் அபிப்பிராயத்துக்கு ஆளாகாதவர்கள் இல்லை. தொழில் என்று பார்த்தால், ஓர் இரும்புக் கடையில் ஆணியும் தண்ணீர்க் குழாயும் பூட்டும் விற்கிற சேல்ஸ்மன். அதைச் சோற்றுக்காகச் செய்தார். உயிரைக் கொடுத்துச் செய்த வேலை வேறு. கூகுள் வரைபடத்தில் ‘பதுளைக்காரன்’ என்று பேர் வைத்துக்கொண்டு, ஒரு ரோசாப்பூப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் நட்சத்திரம் போடுவார்.

கடை, ஹோட்டல் என்று அதற்கு எல்லையெல்லாம் கிடையாது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு மூன்று நட்சத்திரம்: ‘நிறைய நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே இருப்பது தண்ணீர்தான்.’ ஹல்துமுல்லையில் பஸ்ஸை நிறுத்தியபோது குடித்த தேத்தண்ணீருக்கு இரண்டு: ‘சூடு அதிகம்.’ இறந்தவர்களை அடக்குகிற மையவாடிக்கு மட்டும் தாராளமாக ஐந்து: ‘அமைதியான இடம். அங்கே போனவர்கள் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.’

ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே பயப்படவும் செய்தது. ஜஸீல் வாசலில் கால் வைத்தால் ஹோட்டல் முதலாளிமார் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்கள். ரோல்ஸ் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே மேசைக்கு வந்தது. அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டினார்கள். ரோசாப்பூவுக்குப் பின்னால் இருப்பது யாரென்று கடைவீதி முழுக்கத் தெரியும். தெரியாது என்று நம்பியவர் ஜஸீல் ஒருவர்தான். தன் முகத்துக்குத்தான் இந்த மரியாதை என்று அவர் மனதார நினைத்திருந்தார், பாவம்.

இந்த நிலையில்தான் ஸ்பிரிங்வெளி பஸ் புறப்படுகிற பக்கமாக ‘மினாமி’ என்று ஒரு சின்னக் கடை திறந்தார்கள். ஜப்பான் சாப்பாடு. உட்கார மேசை நாற்காலி கிடையாது. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு பெட்டிக்குள் கொஞ்சம் சோறு, மேலே இனிப்பும் உப்புமாக மினுங்குகிற கோழி, பக்கத்தில் அவித்த மரக்கறி, ஒரு முட்டைத் துண்டு. ஹலால் என்று கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தது. முகமூடியும் தொப்பியும் போட்ட ஒரு இளைஞன் உள்ளே நின்று சமைத்தான், அவனே பெட்டியைக் கட்டியும் கொடுத்தான்.

பதுளையில் சோற்றுப் பார்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பாராளுமன்றமும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. பார்சலோடு ஒரு சின்னப் பையில் ஆணம் கட்டித் தர வேண்டும். தமிழ்க் கடையானால் குழம்பு என்பார்கள். எந்தக் கடையானாலும் அதற்குக் காசில்லை. பையை இன்னும் கொஞ்சம் நிரப்பச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் பிறப்புரிமை. ஜஸீல் மினாமியின் முன்னால் நின்று முதலில் கேட்டது அதைத்தான். ஆணம் எங்கே?

அந்த இளைஞன் இது ஜப்பான் முறை, ஆணம் வராது, கோழியிலேயே சாறு இருக்கிறது என்று பணிவாகச் சொல்லி, இடுப்பை வளைத்துக் குனிந்தான். ஜஸீலுக்குச் சுருக்கென்றது. ஆணம் கேட்ட மனிதனுக்கு முன்னால் குனிவதா? கேலிதானே? அவன் நிமிர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோதும் கையில் ஆணம் இல்லை. பெட்டியை வாங்காமலே திரும்பி நடந்தார். அடுத்த கடை வாசலுக்குப் போகுமுன் எழுதியும் முடித்துவிட்டார். ஒரு நட்சத்திரம். ‘சோற்றுக்கு ஆணம் இல்லை. கேட்டால் குனிகிறார்கள்.’

அது நன்றாக ஓடியது. இரும்புக் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிற வைரவநாதன் முதலாளி, ஜஸீலின் பல வருடச் சிநேகிதர், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், உடனே தானும் ஒரு நட்சத்திரம் போட்டார். சாப்பிட்டுப் பார்த்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு, ஜஸீல் நானா பார்த்தால் நான் பார்த்த மாதிரிதானே என்றார். அவரைப் பார்த்து மருந்துக் கடைக்காரர், அவரைப் பார்த்து முடிதிருத்துகிறவர். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கூட்டமே ஒற்றை நட்சத்திரத்தோடு வரிசையில் நின்றது. அந்தக் கூட்டத்தில் மினாமிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

இப்போது ஜஸீலின் வீட்டுக்குப் போவோம். அங்கே மனைவி றஷீனா, ஒரே மகள் ரிஸ்கா. ரிஸ்கா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்கு வந்த சம்பந்தங்களுக்கும் வாப்பா நட்சத்திரம் போட்டே அனுப்பியிருந்தார். ஒருவனுக்கு உயரம் போதாது. இன்னொருவன் பேசும்போது கண்ணைச் சிமிட்டினான். ஒரு வீட்டில் தந்த வட்டிலப்பத்தில் ஏலக்காய் குறைவு. அதோடு அந்தக் குடும்பம் சரி. ரிஸ்கா வாப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அது அவருக்கு உறைத்தது. அடுத்து வருகிற நல்ல இடத்தை விடுவதில்லை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

தரகர் மொஹிதீன் கொண்டுவந்த இடம் பண்டாரவளை. மாப்பிள்ளை நப்ரீஸ், ஆறு வருடம் ஜப்பானில் இருந்து வந்தவன், இப்போது பதுளையில் சொந்தத் தொழில். ஜப்பான் என்ற சொல் காதில் விழுந்ததும் ஜஸீல் எழுந்தே நின்றுவிட்டார். நம் நாட்டில் ஜப்பானுக்குப் போய் வந்தவன் என்றால் அங்கிருந்து வாகனம் இறக்கி விற்கிறவன், அதில் என்ன சந்தேகம்? என்ன தொழில் என்று கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே என்று கேட்கவுமில்லை. அன்று மாலையே கடைவீதியில் மருமகனின் வாகனத் தொழில் பரவிவிட்டது. வைரவநாதனுக்கு மலிவு விலையில் ஒரு வேன் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்து, அதன் நிறம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார் ஜஸீல்.

பெண் பார்க்க வந்த அன்று நப்ரீஸ் அதிகம் பேசவில்லை. ஜஸீல் இருக்கிற இடத்தில் பேச இடைவெளி கிடைப்பதும் கடினம். ரிஸ்காவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்திருக்கிறது என்று உம்மாவிடம் அவளே சொன்னாள், முதல் தடவையாக. றஷீனா அதை உடனே போய்க் கணவரிடம் சொன்னாள். ஜஸீலுக்குக் கண் கலங்கியது. எப்பாடுபட்டாவது இந்தக் கலியாணத்தை நடத்தி வைக்க வேண்டும்; மனிதனுக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பிறகு ஒரு நாள் சம்பந்தி பண்டாரவளையிலிருந்து வந்து, மகனின் தொழிலைப் பார்க்கப் போவோம் என்று ஜஸீலை அழைத்துப் போனார். வாகனங்களை எந்த வளவில் நிறுத்தி வைத்திருப்பார்களோ என்று யோசித்தபடி ஜஸீல் நடந்தார். சம்பந்தி ஸ்பிரிங்வெளி பஸ்கள் நிற்கிற பக்கம் திரும்பி, மினாமியின் முன்னால் நின்றார். உள்ளே இருந்த இளைஞன் முகமூடியைக் கழற்றினான். இடுப்பை வளைத்துக் குனிந்தான்.

முகமூடிக்குப் பின்னால் இருந்தது மருமகன்தான். சம்பந்தி அப்பாவி. தன் பாட்டில் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். திறந்த முதல் கிழமை முழுக்க நல்ல வியாபாரமாம். ஸ்பிரிங்வெளியிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள்கூடச் சம்பள நாளில் வந்து வாங்கினார்களாம். ஒரு பச்சை மிளகாயும் சேர்த்து வைத்துக் கொடுங்க தம்பி என்று கேட்டு, அதோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் வந்தார்களாம்.

“யாரோ ஒரு நாசமாப் போனவன் போன்ல ஒரு ஸ்டார் போட்டுட்டான், சம்பந்தி. அதோட டவுன் ஆக்கள் ஒத்தரும் வாரல்ல. இப்பிடியே போனா மகன் கடைய மூடிட்டு திரும்ப ஜப்பானுக்குத்தான் போகணும். கலியாணத்தையும் அவன் வந்ததுக்குப் பொறகுதான் பேசோணும்.”

அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று மட்டும் ஜஸீல் சொன்னார். நப்ரீஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு வாய் ஒன்றுதான். ஜஸீலுக்கு ஒரு போனும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார். ஐந்து நட்சத்திரம். ‘இவ்வளவு சுவையான சோற்றுக்கு ஆணம் கேட்பவர்கள் அறிவில்லாதவர்கள்.’ அதோடு விட்டாரா? மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒற்றை நட்சத்திரம் போட்ட கூட்டத்தை ஒவ்வொருவராகப் பிடித்து, மகளின் வாழ்க்கை என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஊர் ஆட்களுக்கு மனசு நல்ல மனசுதான். அழுகிற தகப்பனுக்கு உதவாமல் இருப்பார்களா? எல்லாரும் மாற்றிப் போட்டார்கள்.

போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஆட்களுக்குக் கலியாண வீட்டு வாழ்த்து எழுதித்தானே பழக்கம், எழுதவும் செய்தார்கள். மருந்துக் கடைக்காரர்: ‘மருமகனின் கடை. நல்ல குடும்பம். ஐந்து.’ முடிதிருத்துகிறவர்: ‘இன்னும் சாப்பிடவில்லை, கிடைத்தால் நன்றாக இருக்கும்.’ வைரவநாதன் எல்லாரையும் மிஞ்சினார்: ‘முன்பு ஒன்று போட்டேன், நானா சொன்னதால். இப்போது ஐந்து போடுகிறேன், நானா சொன்னதால். வேன் எப்போது வரும்?’

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது. ஒற்றை நட்சத்திரத்தைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள், இப்போது இதைப் படித்துவிட்டு, காசு கொடுத்து எழுத வைக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு போனார்கள். பெரிய பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அதைச் சத்தம் போட்டு வாசித்துச் சிரித்தார்கள். ரிஸ்காவும் வாசித்தாள். அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் வாப்பாவோடு இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பகலுணவு நேரத்துக்கு நப்ரீஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் நான்கு பெட்டிகள். பெட்டிகளிலிருந்து இன்னும் ஆவி வந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான். பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு நேரே ஜஸீலிடம் பேசினான்.

“மாமா, மொதல்ல நீங்க போட்டதும் தின்னாமதான். ரெண்டாவது போட்டதும் தின்னாமதான். எனக்கு அதுல கோவம் இல்ல. இப்ப தின்டு பாத்துட்டு உண்மைய செல்லுங்க. சாப்பாடு சரியில்லன்னா நான் மூடிட்டு போறன். அங்க பழைய எடத்துல கூப்பிடுறாங்க, இண்டைக்குப் பதில் செல்லணும்.”

ரிஸ்கா கதவருகே நின்றாள். ஜஸீல் அவள் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதன் உண்மையாகவே அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறான். அதுவும் மகளின் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான். நீர்வீழ்ச்சிக்கும் மையவாடிக்கும் சொன்ன மாதிரிச் சொல்லிவிட முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டார். அவசரப்படக் கூடாது, முறையாகத் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

தொடங்கினார். உணவு என்பது என்ன என்பதில் தொடங்கினார். ஊவா மாகாணத்து மக்களின் நாக்கு எப்படிப்பட்டது, மலைக் குளிருக்கு உறைப்பு ஏன் தேவை, ஜப்பானிலும் மலை உண்டாமே, அப்படியிருக்க அவர்கள் உறைப்பை விட்டது எதனால். அங்கிருந்து பெட்டிக்குப் போனார். பெட்டியின் நிறம், மூடி, மூடியிலிருக்கிற படம். படத்திலிருந்து கடையின் பெயர்ப் பலகைக்கும், பலகையிலிருந்து இந்தக் காலத்து ஆணிகளின் தரத்துக்கும் போனார். நடுநடுவே, தான் முன்பு எழுதியது அவசரத்தில் எழுதியது என்பதையும், அவசரத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் விளக்கினார். நப்ரீஸ் பணிவான பிள்ளை. இடையில் புகுந்து பேசவில்லை.

றஷீனா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள். ரிஸ்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ரிஸ்கா ஒரு வாய் வைத்தாள், நிமிர்ந்து நப்ரீஸைப் பார்த்தாள், அடுத்த வாய் வைத்தாள். தன்னுடையது முடிந்ததும் நிதானமாகக் கையை நீட்டி வாப்பாவின் முன்னால் இருந்த பெட்டியையும் இழுத்துக்கொண்டாள். ஜஸீல் அப்போது ஆணியில் இருந்தார்.

றஷீனா கையைக் கழுவிக்கொண்டு வந்து மருமகனின் முன்னால் நின்றாள்.

“கோழி நல்லா ஈக்கி மகன். சோறு இன்னம் கொஞ்சம் வைக்கலாம், எங்கட ஆக்களுக்கு இது பத்தாது. எங்கேயும் போக வாணாம். கடைய மூடவும் வாணாம்.”

நப்ரீஸ் ரிஸ்காவைப் பார்த்தான். அவள் வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினாள். அவன் போனை எடுத்து, ஜப்பானுக்கு வரவில்லை என்று அங்கேயே எழுதி அனுப்பினான். நாளைக்கு வழக்கம் போலக் கடை திறப்பதாகச் சொன்னான். றஷீனா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். இரண்டு வார்த்தை பேசுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜஸீல் அப்போதுதான் முடிவுரைக்கு வந்துகொண்டிருந்தார். இனிச் சுவையைப் பற்றிச் சொல்கிறேன் என்று கையை மேசைப் பக்கம் நீட்டினார். கை வெறும் மேசையைத் தடவியது. மகளின் முன்னால் இரண்டு பெட்டிகள் காலியாக இருந்தன. நான்காவது பெட்டி நப்ரீஸின் கையில் இருந்தது, பாவம், அவனும் காலையிலிருந்து பட்டினி. எனக்கு எங்கே என்று ஜஸீல் கேட்டார். குரலில் மகளைப் பார்த்துக் கேட்கிற உரிமை இருந்தது. கொஞ்சம் பசியும் இருந்தது.

ரிஸ்கா பல நாட்களுக்குப் பிறகு வாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“நீங்க எப்பவும் தின்னாமதானே செல்லுவீங்க, வாப்பா. செல்லுங்க, நாங்க கேட்டுக்கிட்டுதான் ஈக்கிறம்.”