அம்மா தேடிய ஸ்பானியத் தாள்

அம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை அப்படித்தான் என்னையும் இழுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோ நூலகத்துக்குப் புறப்பட்டார்.

நாங்கள் சொந்த நாட்டை விட்டு இத்தாலிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர்கள். ஊருக்கு வெளியே, கண்ணாடிக் கூடங்களில் பூ வளர்க்கும் ஒரு தோட்டத்தில் அம்மா வேலை பார்த்தார். அங்கே அவருக்கு வாய்த்த சிநேகிதி ஈக்வடோர் நாட்டுக்காரி, ஸ்பெயினில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். அம்மா இத்தாலியன் பேசுவார், அவர் ஸ்பானிய மொழியில் பதில் சொல்வார். பாதி விளங்கும், மீதியைக் கையும் முகமும் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெண் பிள்ளைத்தாச்சி. பூக்களுக்கு மருந்தடித்த பிறகு கூடத்துக்குள் போனாலே அவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். மருந்தைப் பற்றிய பாதுகாப்புக் குறிப்பு சுவரில் தொங்கத்தான் செய்தது, ஆங்கிலத்தில். மேற்பார்வையாளர் அதை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, தன் கடமை முடிந்ததென்று போய்விட்டார்.

அப்பாவுக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “ஊரிலை வெங்காயத்துக்கு நாங்கள் வெறுங்கையாலை கலக்கி அடிச்சனாங்கள். எனக்கு என்ன வந்தது?” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அம்மா அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“இது பாதி விளங்கினாக் காணுமெண்ட விஷயமில்லை. அவளுக்கு அந்தக் குறிப்பு அவளின்ரை பாஷையிலை வேணும்” என்றார்.

மருந்தின் பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? அதற்காக அம்மா முதல் நாளே மருந்து அறை வாசலில் போய் நின்றிருக்கிறார். டின்னைக் காட்டாமல் நகரமாட்டேன் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாராம். மேற்பார்வையாளர் அலுத்துப்போய்க் காட்டினார். அம்மா லேபிளை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நூலகக் கணினியில் அதே பெயரோடு ஒரு ஸ்பானியப் பாதுகாப்புத் தாளை நான் உடனே கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் போய் டிவி பார்க்கும் அவசரம் எனக்கு. அம்மா விடவில்லை. “பேர் ஒண்டாயிருந்தாக் காணாது. உள்ளுக்கு என்ன கலந்திருக்கெண்டு பார்.” சின்ன எழுத்துகளைப் படத்தோடு வைத்துப் பார்த்தால் கலவை வேறாக இருந்தது. “இது வேறை மருந்து. திரும்பத் தேடு.” நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேடினேன். மதியம் தாண்டித்தான் சரியான தாள் அகப்பட்டது. நூலகத்துப் பெண் அச்செடுத்துத் தந்தார்.

மறுநாள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும், அம்மா வரச் சொல்லியிருந்த சிநேகிதி மண்டபத்தில் அந்தத் தாளை வாய்விட்டு வாசித்தார். மருந்து காய்ந்து காற்றோட்டம் ஆகும்வரை உள்ளே போகக்கூடாது. அங்கே வைத்து எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கேடு வரலாம்.

சாப்பாட்டுக் கதை வந்ததுமே அம்மாவின் முகம் செத்துவிட்டது. வெளியே குளிர், கூடத்துக்குள்தான் கதகதப்பு என்று பூச்சட்டிகளுக்கு நடுவே சிநேகிதியை இருத்தி, பிள்ளைத்தாச்சி ஆசைப்படுவாள் என்று மீன் ரோல்ஸை ஊட்டாத குறையாகக் கொடுத்துவந்தவர் அம்மாதான். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைக் கவனிப்பதென்றால் முதலில் சாப்பாடு, மற்றதெல்லாம் பிறகு.

வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று சிநேகிதி பயந்தார். தனியாகப் போகவேண்டாம், நானும் வருகிறேன் என்றார் அம்மா. திங்கட்கிழமை இருவரும் தாளோடு மேற்பார்வையாளர் முன்னால் நின்றார்கள். பார்ப்போம் என்றார் அவர். எப்போது பார்ப்பீர்கள் என்று அம்மா கேட்டார். பதில் வரும்வரை அங்கேயே நின்றார். மத்தியானத்துக்குள் சிநேகிதியைப் பூக்கட்டும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் மருந்து வாடையே கிடையாது.

அன்று பின்னேரம் சிநேகிதி எங்கள் வீட்டுக்கு வந்தார். குசினியில் நின்றபடி, எனக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டாய் என்று கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில், இத்தாலியனில் நெடுநேரம் ஏதோ சொன்னார். என் இத்தாலியன் அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. தக்காளித் தோட்டம், மருந்து, ஐந்தாம் மாதம், இவள் பிறக்க முன்னம் என்று அங்கொன்றும் இங்கொன்றும்தான் பிடிபட்டன.

அந்தப் பெண் கிட்ட வந்து அம்மாவின் வயிற்றில் கையை வைத்தார். பிள்ளை இருப்பது அவருடைய வயிற்றில் அல்லவா, இவர் ஏன் அம்மாவின் வயிற்றைத் தடவுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அம்மா என்னை ஏசவில்லை.