கொடைக்கானலுக்குக் கொம்பு முளைத்த கதை

சர்வர் பார்த்துக்கொள்ளும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: அது ஓடுகிறவரை நீங்கள் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால், உங்களை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிடும். இதைப் படித்துத் தலையாட்டுகிறவர்கள் நம்ம ஆட்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் பாலசமுத்திரத்துக்காரன். கொடைக்கானலில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் ஆபீசில் வேலை. தலைமை ஆபீஸ் கோயம்புத்தூரில். கூக்கால் பக்கத்துப் பூண்டு விவசாயிகள் சிலர் சேர்ந்து, எந்தத் தோட்டத்தில் மூட்டை தயார், எந்த ஜீப் எப்போது வரும் என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு செயலி கேட்டார்கள். "என்ன செய்யப்போறீங்கன்னு தமிழ்ல படம் போட்டுக் காட்டுங்க. புரிஞ்சா வேலையத் தாரோம்" என்பது அவர்கள் நிபந்தனை. நியாயம்தான். ஆனால் தினம் ஒரு மாற்றம் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து படம் வரைய யாரால் முடியும்?

அதனால் எங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தோடு படம் வரையும் சர்வர் ஒன்றை இணைப்பது என்று முடிவானது. 'விவசாயி -> ஜீப் : மூட்டை தயார்' என்று ஒரு வரி தட்டினால் போதும். அதுவே இரண்டு உருவம் போட்டு, நடுவில் அம்பும் போட்டுவிடும். வரியை மாற்றினால் படமும் மாறிவிடும். முதலாளி முருகானந்தம் சார் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: விவசாயிகளின் வேலை கைக்கு வராவிட்டால் கொடைக்கானல் ஆபீசுக்குப் பூட்டு, எல்லோரும் கோயம்புத்தூர்.

என் மனைவி மகேஸ்வரி இங்கே பள்ளிக்கூட டீச்சர். அவள் வேலையை விட்டுவிட்டு வரமாட்டாள். எனக்கும் இந்தக் குளிரை விட்டு இறங்க மனசே இல்லை. ஆகவே அந்த சர்வர் எனக்கு வெறும் சர்வர் இல்லை, குடும்ப விஷயம்.

நிற்காத சர்வர்

இதற்கென்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார்கள். அங்கே யாரும் சீந்தாத கம்ப்யூட்டர் என்பது பெட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. இரண்டு படம் வரைந்ததும் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். ஆபீசுக்குக் கீழே சௌந்தரம் அண்ணன் நடத்தும் ஓட்டலில் உட்கார்ந்து, போனில் இதைப் பற்றி யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தேன். "சர்வர் நிக்கவே மாட்டேங்குது சார். காலைல இருந்து விழுந்து கெடக்கு. ரெண்டு தடவை கொன்னுட்டு மறுபடி எழுப்பிப் பாத்துட்டேன். எழுந்திரிச்ச வேகத்துல படுத்துருது."

போனை வைத்ததும் சௌந்தரம் அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு அனுதாபம். சீசன் ஆரம்பித்தால் அவர் ஓட்டலிலும் சர்வர் நிற்பதில்லையாம், பெரிய ஓட்டல்காரர்கள் வந்து கொத்திக்கொண்டு போய்விடுகிறார்களாம். நான் சொல்வது மெஷினை என்று விளக்க வாயெடுப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொல்றதெல்லாம் பாவம் தம்பி. வெள்ளனே ரெண்டு இட்லி சேத்துப் போடுங்க, நிப்பான்."

நம்ம வீடு

ஒருவழியாக சர்வர் நின்றது. கூடுதல் நினைவகம்தான் நான் போட்ட இட்லி. அடுத்து, படம் வரைகிற சர்வர் எங்கே இருக்கிறது என்று எங்கள் தளத்துக்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும். நான் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தேன். அதற்கு 'இந்த இயந்திரமே' என்று அர்த்தம். கடிதத்தின் மேல் 'நம்ம வீடு' என்று எழுதிப் பெட்டியில் போட்டது மாதிரிதான். நான் உட்கார்ந்திருந்தது அதே கம்ப்யூட்டரில் என்பதால் எனக்குப் படம் ஜம்மென்று வந்தது. உடனே எல்லோருக்கும் வெற்றிச் செய்தி அனுப்பினேன்.

மற்றவர்களுக்கோ படம் இருக்கவேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னம்தான் தெரிந்தது. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் 'நம்ம வீடு' என்று தன் வீட்டுக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டு, இங்கே அப்படி யாரும் இல்லை என்று கையை விரித்திருக்கிறது. இதைச் செய்யாதவர் நம் தொழிலில் உண்டா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். கோயம்புத்தூரிலிருந்து முருகானந்தம் சார் கூப்பிட்டார். "படம் உனக்கு மட்டும்தான் தெரியும்னா எதுக்குப்பா சர்வரு? ஒரு பென்சிலும் ரப்பரும் வாங்கிக் குடுத்திருப்பேனே!"

முதுகு அரிப்பு

முகவரியைத் திருத்தி, தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. கேபிள்காரர் வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். வெரசா வந்துவிட்டார். ஆனால் கம்பத்தில் ஏறாமல் தெருமுனையில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். போய்ப் பார்த்தால், கம்பத்தடியில் கறுகறுவென்று ஒரு காட்டுமாடு. கம்பத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, சாவகாசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது தேய்க்கத் தேய்க்க மேலே கம்பி ஆடியது.

எனக்கு ஒரே பதைப்பு. மறுவாரம் விவசாயிகள் வருகிறார்கள், என் குடித்தனம் அந்தக் கம்பியில் தொங்குகிறது. விரட்ட முடியாதா என்று கேட்டேன். வேலுச்சாமி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அப்புறம், பெரிய மனிதர் வீட்டு வாசலில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவருக்கு முதுகு அரிக்கிது சார். சோலி முடிஞ்சா அவரே போயிருவாரு. உங்களுக்கு அவசரம்னா நீங்க போய்ச் சொல்லுங்க."

கொம்பும் காலும்

நம் மொழிக்காரர்கள் மட்டுமே படக்கூடிய பாடு இது. முதல் படத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை, வரிசையாகக் காலிக் கட்டங்கள். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் என்று ஒன்றைப் போட்டேன். எழுத்து வந்தது. வராமலே இருந்திருக்கலாம். 'கொடைக்கானல்' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு மூலையிலும் துணைக்கால் இன்னொரு மூலையிலும் ஒதுங்கிவிட, 'க' அநாதையாக நின்றது. மெய்யெழுத்துப் புள்ளிகள் பக்கத்து எழுத்தின் தலைக்கு இடம் மாறியிருந்தன. 'பூண்டு' பூண்டாக இல்லை. ஐந்தாறு எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். கொம்பு இடம் மாறி முளைத்ததே தவிர, சேரவேண்டிய எழுத்தோடு சேரவில்லை.

கடைசியில் பிடிபட்டது. படத்தை முழுப் புகைப்படமாகத் தராமல், எழுத்தை எழுத்தாகவே அனுப்பும் இன்னொரு வடிவில் கேட்டேன். பார்ப்பவருடைய பிரவுசரே கொம்பையும் காலையும் கோத்துக்கொண்டது. அதற்கு முன்னால், நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், பக்கத்து மேஜை செல்வி எட்டிப் பார்த்தாள். செயலியை எழுதப்போகிறவள் அவள்தான், ஆபீஸ் மூடினால் என்னோடு சேர்ந்து பெட்டி கட்ட வேண்டியவள். திரையை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கொம்பு தனியா, காலு தனியா, தலை தனியா கெடக்கு. இது கொடைக்கானலாண்ணே, கறிக்கடையா?"

காபி அம்பு

வீட்டில் மகேஸ்வரிக்குப் பெருமையாகக் காட்டினேன். 'கணவன் -> மனைவி : காபி' என்று தட்டியதும் இரண்டு குச்சி மனிதர்களும் ஓர் அம்பும் வந்தன. நன்றாகப் பார்த்தாள். மனைவியிடமிருந்து பதில் அம்பு வராவிட்டால் கணவன் என்ன செய்வான் என்று கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருப்பான், அப்புறம் பிழை என்று முடிந்துவிடும் என்றேன். திருத்துவதற்கு வைத்திருந்த பரீட்சைப் பேப்பரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்பக் காத்திருங்க."

புள்ளிக்கோடு

விவசாயிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்த கருப்பையா முன்வரிசையில் உட்கார்ந்தார். முருகானந்தம் சாரும் வந்து என் பக்கத்தில் இருந்தார். சுவரில் படம் விழுந்தது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கருப்பையா 'விவசாயி' என்று பேர் போட்ட குச்சி மனிதனையே பார்த்தார். "பூண்டு வெல எறங்குன வருசம் நான் இப்படித்தான் இருந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து அம்புக்கு வந்தார். விவசாயி ஜீப்பைக் கூப்பிடுகிற அம்பு நேர்கோடு. 'வருகிறேன்' என்று ஜீப் சொல்லும் அம்பு புள்ளிக்கோடு. பதில் என்றால் புள்ளிக்கோடு போடுவது இந்தப் படங்களின் வழக்கம், அவ்வளவுதான். "போறப்ப நேரா போகுது. ஜீப்பு வாரப்ப மட்டும் ஏன் விட்டு விட்டுக் கெடக்கு?" என்று கேட்டார் கருப்பையா. கோளாறு என்று நினைத்துவிட்டார், போச்சு என்று நினைத்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அட, நம்ம தோட்டத்துக்கு எறங்குற பாதையப்பா அது! ஜீப்பு குதிச்சுக் குதிச்சுத்தானே வருது!"

அறையே கலகலத்தது. "நேர்ல வந்து பாத்தாப்புல போட்டிருக்காங்களே" என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை, அது பதில் என்று உண்மையைச் சொல்ல நான் எழுந்தேன். முருகானந்தம் சார் மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தார். உட்கார்ந்துவிட்டேன். கருப்பையா எழுந்து வந்து, வேலை உங்களுக்குத்தான் என்று சார் கையைக் குலுக்கினார். ஆனால் படம் போட்டவர் மலையை விட்டு இறங்கக் கூடாது, எங்கள் பாதை தெரிந்தவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எத்தனை காலத்துக்கு என்று சார் கேட்டார். கருப்பையா யோசிக்கவே இல்லை. "பாதைக்குத் தாரு போட்டு, இந்தப் புள்ளிக்கோடு நேராகுற வரைக்கும் இருக்கட்டுங்க."

அரசாங்க உத்தியோகம்கூட அறுபது வயதில் முடிந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்திருப்பதோ தோட்டத்துப் பாதைக்குத் தார் விழும்வரை என்பதால், மகேஸ்வரி தைரியமாக வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லிவிட்டாள்.