சிப்பாய் அழுத குசினி

2025 நவம்பர் 16, ஞாயிறு. ஆறரைக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டுப் பாண். வாரத்துக்கு வேண்டிய ஐந்து சட்டைகளையும் அயர்ன் பண்ணி மாட்டினேன். பத்து மணிப் பூசை. திரும்பி வந்து மொழிபெயர்ப்பைக் கடைசி முறை படித்துப் பிரதிகள் எடுத்தேன்.

அது ஒரு ஹீப்ரு கதை. எனக்கு ஹீப்ரு தெரியாது. சென் தெனிப் புறநகர் நூலகத்தில் எடுத்த பிரெஞ்சுத் தொகுப்பிலிருந்து செய்தேன். அதில் எழுதியிருப்பவர்கள் எல்லோரும் நாற்பது வயதுக்கு உட்பட்ட இஸ்ரேலியர்கள். வீட்டு வாடகையை, பெர்லினுக்குப் போய்விட்ட நண்பர்களை, பதினெட்டு வயதில் தாங்கள் போட்ட சீருடையை எழுதுகிறார்கள். தங்களையும் விட்டுவைப்பதில்லை. "காஸா இப்பிடிக் கிடக்கேக்கை இது தேவையோ?" என்று எங்கள் சிற்றிதழ் ஆசிரியர் கேட்டார். அதனால்தான் தேவை என்றேன். திங்கள் காலை எட்டு மணிக்குள் கோப்பு வேண்டும், அன்றே அச்சுக்குப் போகும் என்றார்.

மூன்று மணிக்கு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடையின் பின்னறையில் வழக்கமான ஞாயிறு வாசிப்புக்குக் கூடினோம். எழுதியவர் தன் எழுத்தை வாசிக்கக் கூடாது, வேறொருவர் உரக்க வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிழைகள் காதில் அகப்படும். வாசிப்பவர் பெரும்பாலும் கூசேன்விலிலிருந்து வரும் ஒரு பெண். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. ஊரில் அவருடைய தம்பியை இராணுவம் சுற்றிவளைப்பில் வீட்டிலிருந்து கொண்டுபோனது. திரும்பவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பக்கங்களை அவரிடம் நீட்டினேன்.

"வாசியும் தங்கச்சி. இவர் வாசிச்சால் மரண அறிவித்தல் மாதிரி இருக்கும்" என்றார் ஆசிரியர். சிரித்தோம்.

கதையில், விடியற்காலையில் படை ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. குடும்பத்தை ஒரே அறையில் அடைக்கிறார்கள். ஒரு சிப்பாய் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுகிறான். அந்த வீட்டுத் தாய் வந்து தண்ணீர் கொடுக்கிறாள். அந்த இடத்தில் வாசித்தவர் நிறுத்தினார்.

"அண்ணை, இது எந்த ஊர்?"

"மேற்குக் கரையில ஒரு ஊர்."

"அங்கை கிணத்தடியில தண்ணி அள்ளத் துலா இருக்குமோ?"

பிரெஞ்சில் இருந்தது மொட்டைமாடியும் தண்ணீர்த் தாங்கியும். எங்கள் வாசகருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று விறாந்தையும் துலாவுமாக மாற்றினேன் என்றேன்.

"அப்ப, இந்த மனுசி தண்ணி குடுத்து 'அழாதை தம்பி' எண்டுறது?"

"அது நான் சேர்த்தது. பிரெஞ்சில அவ ஒண்டும் சொல்லேல்லை."

"என்ர அம்மா அவங்களைத் தம்பியெண்டு கூப்பிடேல்லை. சேர், சேர் எண்டு காலில விழுந்தவா." குரல் உயரவில்லை. "அவன் தன்ர கதையில அழட்டும். ஏன் அண்ணை எங்கட குசினியில கொண்டுவந்து இருத்தினீங்கள்?"

"கதைதானே" என்றார் ஆசிரியர்.

"ஓம், கதைதான்." பக்கங்களை அடுக்கி மேசையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தார்.

பின்னால் போனேன். வாசலில் மழை. "நீங்கள் போடுங்கோ அண்ணை, நான் தடுக்கேல்லை. ஆனா இனி நான் வரமாட்டன்." பதினொரு வருடமாக ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தவர். ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார்.

"கோவம் ஆறும். நல்லாய் வந்திருக்கு, அப்பிடியே போடுவம்" என்றார் ஆசிரியர்.

ஐந்து மணிக்கு வீட்டில் பிரெஞ்சையும் என் தமிழையும் அருகருகே வைத்து, நான் மாற்றிய இடங்களைச் சிவப்பால் கோடிட்டேன். இருபத்து மூன்று. துலாவையும் விறாந்தையையும் திருத்திவிடலாம். ஆனால் அந்த எழுத்தாளர் தன் சிப்பாய்க்காக எங்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனை அழவிட்டு, தேற்ற ஒருவரையும் அனுப்பாமல் விட்டிருக்கிறார். அவனைத் தேற்றியது நான். அதற்கு இன்னொருவரின் தாயை எடுத்துக்கொண்டேன். ஒன்பதரைக்குப் படுத்தேன்.

17, திங்கள். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, முகம் கழுவுமுன் ஆசிரியருக்கு எழுதினேன்: கதை வராது, அந்தப் பக்கங்களுக்கு வேறு ஏதாவது போடுங்கள்.