கலங்கலில் கட்டிய வலை

சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலத்தில் மண்கரை போட்டு ஒரு குட்டை அமைத்து, மீன்குஞ்சு விட்டோம். மீன் எங்களுக்கு, மிச்சம் கொக்குக்கு என்பது திட்டம். கரையின் உயரம், சரிவு, களிமண் என்று தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளரான நான் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சரிபார்த்தேன். குஞ்சுகள் தப்பிவிடாமலிருக்க, மிகுந்த நீர் வழியும் கலங்கலில் கொசுவலையும் கட்டினேன்.

ஐப்பசி மழையில் வலையை இலைகள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டது. நான் குச்சியால் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடி நோண்டிகினு கீற? கரை பூடும், வலைய அறு!” என்று அம்மா கத்தினார்.

அறுத்தேன். கரை தப்பியது. மீன்கள் வாய்க்கால் வழியாகத் தார்ச்சாலைக்குப் போய்விட்டன. ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று அங்கேயே நின்றது. இறங்கியவர்கள் டிபன் பாக்ஸிலும் ஹெல்மெட்டிலும் மீன் அள்ளினார்கள். நான் ஓடிப்போய், “அது எங்க மீன்!” என்றேன். நடுரோட்டில் நின்று சொல்கிற பேச்சா அது!

திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்.

“எக்கா, எல்லாம் பொடிசால்லா இருக்கு. முள்ளுதான் தேறும். குளத்துல விடுதோம், வளரட்டும். அடுத்த மழைக்கு வாரோம்.”

பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் வரிசையாக வந்து குட்டையில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

வலையை மறுபடி கட்டவில்லை. மீன் தப்பிப்போகும் என்ற பயம் எனக்கு இப்போது இல்லை. அடுத்த ஐப்பசிக்குள் அவை பெரிதாக வேண்டுமே என்பதுதான் கவலை. ஒரு பஸ் ஆட்கள் சாப்பிட வருகிறார்கள்.