நடக்காததை எழுத மறுத்த மைமூன்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கும் சுப்பராயுலுவிடமிருந்து போன் வந்தது. அவர் ஆரம்பாக்கத்துக்காரர். எவ்வளவு அவசரமானாலும் ‘நைனா’ என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று கேட்கவில்லை.

“தணிகை, மைமூன் போயிட்டாங்கபா.”

“எங்க போனாங்க?” என்று கேட்டேன். மைமூன் இரண்டு நாள் லீவில் இருந்தது எனக்குத் தெரியும். வேறெங்கோ ஊருக்குப் போயிருக்கிறார் என்றே நினைத்தேன். சுப்பராயுலு மூச்சு வாங்குவது கேட்டது. அப்போதுதான் புரிந்தது.

தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்களாம். வயது முப்பத்தாறு. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பழவேற்காட்டில் அடக்கம்.

வார்ப்பாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் ‘சர்வர் ரூம் மேடம்’. கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பவர், அதிகம் பேசாதவர். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் என்ன செய்தார் என்பதை, கூட இருந்து பார்த்த ஒரே ஆள் நான். நான் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கணினிப் பிரிவு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கடம்பத்தூரில் நெல் விளைக்கும் வீட்டிலிருந்து வந்தவன். அவருடைய வாப்பாவுக்குப் பழவேற்காட்டில் வலைக்கயிறும் மிதவையும் விற்கும் கடை. தினமும் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி என்று வருவார்.

அப்போது ஆலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆய்வகத்துக்கு ஒன்று, சரக்கு அனுப்பும் பிரிவுக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று. தூசியிலும் சூட்டிலும் மாதம் ஒன்று பழுதாகும். இரண்டாயிரத்து ஏழில் மைமூன் ஒரு யோசனை சொன்னார். லினக்ஸ் ஓடும் இரண்டு பெரிய சர்வர்கள் போதும். ஒன்று ஆய்வகக் கட்டடத்தில், மற்றொன்று இருநூறு மீட்டர் தள்ளி எங்கள் நிர்வாகக் கட்டடத்தில். பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் மென்பொருளாக, மெய்நிகர் இயந்திரங்களாக, அந்தச் சர்வர்களுக்குள் ஓடும். அவற்றின் டிஸ்க் மட்டும் சர்வருக்குள் இருக்காது. எங்கள் அறையில் தனியாக ஒரு டிஸ்க் பெட்டி. இரண்டு சர்வர்களும் கேபிள் வழியாக அதோடு பேசும்.

ஆலை மேலாளர் அதைக் கேட்டுச் சிரித்தார். “இன்னாம்மா இது, தலை ஒரு எடம், வவுறு ஒரு எடமா?”

“ஆமா சார். தலை போனாலும் வவுத்துல இருக்கறது பத்திரமா இருக்கும்” என்றார் மைமூன்.

அமைத்து முடித்த அன்று மேலாளரை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார். சுப்பராயுலு திரையில் ஒரு பதிவைப் போட்டு முடித்ததும், மைமூன் குனிந்து அந்தச் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். மேலாளர் “ஏய்!” என்று கத்தியே விட்டார். மைமூன் என்னைப் போனில் கூப்பிட்டு, “செத்துட்டுது. ஏத்து” என்றார். நான் எங்கள் கட்டடத்திலிருந்த இரண்டாவது சர்வரில் அதே இயந்திரத்தைக் கிளப்பினேன். நாலு நிமிஷத்தில் சுப்பராயுலுவின் திரை மறுபடி வந்தது. கடைசியாக அவர் போட்ட பதிவு அப்படியே இருந்தது. அவர் திரையைத் தொட்டுப் பார்த்ததை மைமூன் சொல்லிச் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “செத்தவன் வேற ஊட்ல எழுந்து உக்காந்துகினு இருக்கான்பா” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் ஒரு மாதத்துக்குள் தொல்லை தொடங்கியது. எந்த நேரம் என்றில்லாமல் இயந்திரங்கள் டிஸ்கில் எழுதுவதை நிறுத்திவிடும். படிக்கலாம், எழுத முடியாது. டிஸ்கோடு பேச்சு தடைபட்டு, எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் லினக்ஸ் அப்படித்தான் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பெட்டியில் கோளாறு என்றேன் நான். மைமூன் ஒரு நோட்டோடு உலைக்கூடத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்தார். காதில் பஞ்சு, தலையில் முக்காடு, அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். மின்சார உலையை ஏற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்தார். சர்வர் பதிவில் தடை விழுந்த நேரங்களோடு ஒப்பிட்டால் இரண்டும் வரிக்கு வரி பொருந்தின. எங்கள் செம்புக் கேபிள் உலையின் மின்கம்பியை ஒட்டிப் போயிருந்தது. டிஸ்குக்கான கேபிளை மட்டும் கண்ணாடி இழைக்கு மாற்றினோம். அதன் பிறகு ஒரு தடைகூட விழவில்லை.

எரிச்சலில் நான் லினக்ஸைத் திட்டியபோது அவர் சொன்னது: “அத்த ஏன்பா திட்ற? டவுட்டு வந்தா எழுதறத நிறுத்திடுது. மனுஷனுக்கே அந்த புத்தி கெடையாது.”

இனி நான் எழுதப் போவது என் தவறைப் பற்றி.

அவர் தங்கையின் நிக்காஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைமூன் வெள்ளிக்கிழமையே லீவு போட்டுப் போய்விட்டார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “ஒரு சர்வர் பதில் சொல்லலேன்னா செத்துட்டுதுன்னு நெனைக்காத. நடந்து போயி கண்ணால பாரு. பவர் கேபிளப் புடுங்கு. அப்புறமா ரெண்டாவதுல ஏத்து.”

சனிக்கிழமை மதியம் நல்ல மழை. சரக்குப் பிரிவிலிருந்து, ஆய்வகப் பதிவுகள் திறக்கவில்லை என்றார்கள். ஆய்வகத்துச் சர்வரை என் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. ஆய்வகத்துக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். முற்றம் முழுக்கத் தண்ணீர். இருநூறு மீட்டர். நான் நடக்கவில்லை. ஆய்வகத்து இயந்திரத்தை இரண்டாவது சர்வரில் ஏற்றிவிட்டேன்.

முதல் சர்வர் சாகவில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே இருந்த, ஆபீஸ் வேலைக்கான பழைய செம்புக் கேபிள் மட்டும் மழையில் பழுதாகியிருந்தது. டிஸ்குக்குப் போகும் கண்ணாடி இழை நன்றாகவே இருந்தது. ஆய்வகத்தில் சுப்பராயுலு, மழைச் சத்தத்தில் போன் மணிகூடக் கேட்காமல், எந்தக் குறையும் தெரியாமல் பதிவு போட்டுக்கொண்டிருந்தார். ஒரே இயந்திரம் இரண்டு இடத்தில் உயிரோடு இருந்து, ஒன்றுக்கு மற்றொன்று இருப்பது தெரியாமல், ஒரே டிஸ்கில் எழுதியது. இருபது நிமிஷத்தில் டிஸ்க் சிதைந்துபோனது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை நகல் எடுப்போம். ஆறு நாள் பதிவுகள் போய்விட்டன.

அந்தப் பதிவுகள் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உலை ஒரு முறை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட். ஒவ்வொரு ஹீட்டிலும் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஆய்வகம் சோதித்து எழுதும். அந்த இரும்பில்தான் லாரிகளுக்கான பிரேக் டிரம் வார்த்தோம். பதிவு இல்லாமல் சரக்கு வெளியே போகக்கூடாது. திங்கட்கிழமை லாரி வருவதாக இருந்தது.

மைமூனுக்குப் போன் போட்டேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது.

“மொத சர்வரு ஓடிக்கினு இருந்துதா?”

“ஓடிக்கினு இருந்துது.”

“நீ போயி பாத்தியா?”

“இல்ல.”

நான் வசவை எதிர்பார்த்தேன். “ரெண்டையும் நிறுத்து. டிஸ்க் மேல இன்னும் ஒரு எழுத்துகூட விழக்கூடாது. காலைல வரேன்” என்றார்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இரண்டு கைகளிலும் மருதாணி முழங்கை வரை சிவந்திருந்தது. சிதைந்த டிஸ்கை அவர் தொடவே இல்லை. முழுதாக ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் வேலை செய்தார். பத்து மணிக்குள் முதல் இரண்டு நாள் பதிவுகளை மீட்டார். மற்ற நாலு நாளும் துண்டு துண்டாக, ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன.

மேலாளர் வந்தார். யார் செய்தது என்று கேட்டார்.

“நான் வெச்ச அமைப்பு சார். ஒரே மிஷின ரெண்டு எடத்துல ஏத்த முடியாத மாதிரி பூட்டு போட்டிருக்கணும். போடல.”

“இல்ல சார், நாந்தான் ஏத்தினேன். மழைன்னு போயி பாக்கல” என்றேன்.

மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் உண்மைதான் சார்” என்றார் மைமூன்.

மேலாளர் கெட்டவர் இல்லை. தலைக்கு மேல் பேஜாரு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்: “நம்ம இரும்பு எப்பவும் ஒரே மாதிரிதான் வருது. சுப்பராயுலுவுக்கு மனப்பாடமாத் தெரியும். எப்பவும் வர நம்பரையே நாலு நாளுக்கும் போட்டுடுங்க. யாருக்கும் நஷ்டமில்ல.”

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். என் தவறு சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும் என்று தோன்றியது.

மைமூன் எழுந்து நின்றார். வார்த்தை தெளிவாக வந்தது. “நான் போட்ட டிஸ்க்ல, நடக்காதத எழுத மாட்டேன் சார்.”

“அப்ப வேற வழி சொல்லும்மா!”

அவர் சுப்பராயுலுவைப் பார்த்தார். “அண்ணே, சோதிச்ச காயின எல்லாம் இன்னா பண்ணுவீங்க?”

ஒவ்வொரு ஹீட்டிலும் கொஞ்சம் உருகிய இரும்பை அச்சில் ஊற்றி, காசு மாதிரி வட்டமான ஒரு துண்டு எடுப்பார்கள். அதன் மேல் பொறி பாய்ச்சித்தான் சோதனை. ஹீட் எண்ணை அதிலேயே குத்தி வைப்பார்கள். “பெட்டில போட்டு வெச்சிருக்கோம்மா. ஒரு மாசத்துக்கு எறியமாட்டோம்” என்றார் சுப்பராயுலு. சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது.

நாலு நாளுக்கு நாற்பத்தெட்டு காயின். ஒவ்வொன்றையும் நான் சாணையில் தேய்த்துக் கொடுத்தேன். சுப்பராயுலு சோதித்தார். மைமூன் எண்ணைச் சத்தமாகத் திரும்பச் சொல்லி, அவர் தலையசைத்த பிறகே பதிவு செய்தார். சாயங்காலம் நிறுத்தினோம். மைமூன் இரவு நிக்காஹுக்குப் போய்விட்டு வந்ததும், திங்கள் காலை மறுபடி உட்கார்ந்தோம். மேலாளர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி வந்தன. என் விரல்நுனிகள் உரிந்துகொண்டிருந்தன. எதற்கு இந்தப் பிடிவாதம் என்று மனதுக்குள் திட்டினேன்.

முப்பத்தொன்றாவது காயினில் சுப்பராயுலு கையை நிறுத்தினார். கந்தகம் மிக அதிகம்; அந்த இரும்பு எளிதில் உடையும். மறுபடி தேய்க்கச் சொன்னார். அதே எண். மூன்றாவது தடவையும் அதேதான்.

“அய்யய்யோ நைனா” என்று தலையில் கை வைத்தார். “வெள்ளிக்கெழம ஹீட்டு. நாந்தான் ‘அனுப்பக்கூடாது’ன்னு கம்ப்யூட்டர்ல நிறுத்தி வெச்சேன். சனிக்கெழம சாய்ங்காலம் லிஸ்ட்டு எடுத்துக் குடுத்தாதான் யார்டுல செவப்பு பெயிண்ட் அடிப்பாங்க. அன்னிக்கு லிஸ்ட்டே எடுக்கலியே!”

நிறுத்தி வைத்த குறிப்பும் டிஸ்கோடு போயிருந்தது. அந்த ஹீட்டில் வார்த்த டிரம்கள் நல்ல சரக்கோடு சேர்ந்து யார்டில் அடுக்கியிருந்தன. லாரி உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தது. மேலாளர் தானே யார்டுக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு டிரம்மிலும் குத்தியிருந்த ஹீட் எண்ணைக் குனிந்து படித்து, கெட்டவற்றைத் தனியாக எடுக்க வைத்தார். திரும்பி வந்தவர் மைமூனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மைமூன் அந்தப் பக்கம்கூடப் பார்க்கவில்லை. “அடுத்தது குடு தணிகை” என்றார். இன்னும் பதினேழு இருந்தன.

மறுநாள், விட்டுப்போன அந்தப் பூட்டை எழுதும் வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். முதல் சர்வரின் மின்சாரத்தை வெட்டாமல் இரண்டாவதில் எதுவும் கிளம்பாதபடி செய்யவேண்டும். என்னிடமா என்று கேட்டேன்.

“தப்பு எங்க பண்ணுவோம்னு உனக்குத்தான தெரியும்” என்றார். அந்த நொடியில் எனக்கு அவர் மேல் வந்தது நன்றி இல்லை. ஒருவகை பயம். ஒரு மனிதர் இவ்வளவு நேராக இருக்க முடியுமா என்ற பயம்.

அடக்கத்துக்கு நானும் சுப்பராயுலுவும் போனோம். அடுத்த வெள்ளிக்கிழமை நான் மட்டும் மறுபடி பழவேற்காட்டுக்குப் போனேன். அவருடைய வாப்பா என்னை உள்ளே உட்கார வைத்தார். “எம்பொண்ணு அங்க இன்னா வேலை பாத்தா தம்பி? கேட்டா சொல்லுவா. எங்களுக்குத்தான் புரியல” என்றார்.

தெரிந்தவரை எளிமையாகச் சொன்னேன். டிரம்களை யார்டில் தனியாக எடுத்து வைத்தது வரை சொல்லி முடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ சொல்லு தம்பி. கொஞ்சம் சத்தமா. உள்ள அவங்கம்மா கேட்டுக்கினு இருக்குறா.”

முதல் தடவை சொன்னபோது, கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு வந்தது என்றுதான் சொல்லியிருந்தேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் குரலை உயர்த்தி மறுபடி தொடங்கினேன். இந்த முறை, “அம்மா, தப்பு பண்ணது நாந்தான்” என்பதிலிருந்து.

நடந்ததை நடந்தபடி சொல்லும் துணிவு. மைமூனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை நான் விடமாட்டேன்.