மாமாவின் முதிரைக் கட்டில்

கலியாணம் முடிந்து மனைவி வீட்டில் நான் கண் விழித்த முதல் காலை. அறைச் சுவரில் புதுப் பெயின்ட் வாசம். அதையும் தாண்டிப் பின்பக்கமிருந்து நெல் மூட்டை வாசம் வந்தது. வயலில் பிறந்து வளர்ந்தவன் நான், அந்த வாசம் எனக்கு உம்மா வீட்டு வாசம். அது வந்த பக்கமாகவே எழும்பிப் போனேன்...

நெல் அடுக்கும் அறை. மூட்டைகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, முதிரை மரக் கட்டில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். மனைவியின் வாப்பா, என் மாமா, அதில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் வரை என் அறையில் கிடந்த கட்டில் அது என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"ஏன் மாமா இஞ்ச?"

"எங்களுக்கு இது காணும் மனே."

போதும் என்கிறாரே, காணும் என்றால் காணும்தானே என்று நானும் முன்னால் வந்துவிட்டேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். மகளுக்கு வீடு கொடுப்பது வாப்பாவின் கடமை. புதிதாகக் கட்ட வசதியில்லாதவர் இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு பின்னால் ஒதுங்கிவிடுவார்.

மாமாவும் மாமியும் மௌத்தாகி, அடக்கமெல்லாம் முடிந்து, அந்த அறையைத் துப்புரவாக்கியபோதுதான் கண்டேன். கூரையில் நாலைந்து இடத்தில் ஒழுக்கு. மழைக்கு மழை கட்டிலை இழுத்து இழுத்து வைத்த தடம் சீமெந்துத் தரையெல்லாம் கிடந்தது. இத்தனை வருடமும் மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் நான் நெல் வியாபாரியாகி, அரிசி ஆலைக்காரனாகி, ஊருக்கு ஹாஜியாராகிவிட்டேன். பள்ளிவாசல் நிருவாகத்தில் தலைவர், வர்த்தகர் சங்கத்திலும் தலைவர். மையித்து அடக்கும் மையவாடிக்கு மதிலா, பாடசாலைக்குக் கதிரையா, யாருடைய வீட்டுச் சண்டையா... என் போன்தான் அடிக்கும். ஒரு ஊர்க் கூட்டத்தில், பெண் வீட்டாரிடம் வீடு கேட்பதை நிறுத்த வேண்டும் என்று அரை மணித்தியாலம் பேசினேன். எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள்.

அடுத்த கிழமை என் வாசலில் வீட்டு வேலைக்கு மணல் வந்து இறங்கியது. இரண்டாவது மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தோம்.

"ஹாஜியார், கதை கூட்டத்துக்கு, மண் ஊட்டுக்கா?" என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

மூத்தவளுக்கு மாமா தந்த வீட்டைக் கொடுத்தோம். அடுத்தவளுக்கு அதன் பிறகு கட்டி நாங்கள் குடியிருந்த வீடு. ஒவ்வொரு முறையும் மாமாவின் கட்டில் எங்களோடு வந்தது. ஆலையிலிருந்து நாலு பேர் வந்தால்தான் அதைத் தூக்க முடியும். கடைசியாகக் கட்டிய சின்ன வீட்டில் அதைப் போட்டதும் மனைவி தலையணையைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, மௌத்தாகு மட்டும் இனி நான் இதால எழும்ப மாட்டன்."

சரி என்றேன். எனக்கும் களைத்துப் போயிருந்தது.

மிச்சம் இருந்தது மகன் மட்டும். இனி நாம் கொடுக்கத் தேவையில்லை என்று நிம்மதியாக இருந்தோம். இறக்காமத்தில் பெண் பார்த்தோம். வாப்பா விவசாயி, குணமான மனுஷன். நாள் குறிக்க நானும் மனைவியும் போனபோது வீட்டுக்குப் பாதி பெயின்ட் அடித்திருந்தது. மீதி வேலைக்கு வயல் பூமியில் ஒரு துண்டை விற்கப் போகிறாராம். கை கழுவப் பின்னால் போனேன்... உர மூட்டை அடுக்கும் கொட்டிலில் ஒரு கட்டில் கிடந்தது.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"எங்களுக்கு இது காணும் ஹாஜியார்."

கை கழுவ எடுத்த தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"பூமிய விக்காதீங்க காக்கா. மகள் எங்கட ஊட்ட வந்து இரிக்கட்டும்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்கட புள்ளையில ஏதும் குறை கேள்விப்பட்டீங்களா ஹாஜியார்?"

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினால் ஊர் அப்படித்தான் கதைக்கும். அரை மணித்தியாலம் பேசிய எனக்கு இது தோன்றவே இல்லை.

"ஒரு குறையும் இல்ல. நாங்க இரிக்கிற ஊட்டையே மஹராக் குடுக்கம். மகள்ட பேருக்கு எழுதுறம்."

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, அதில் ஊர் குறை பிடிக்க முடியாது. அவர் கேட்டார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் எங்க போற?"

என் மாமாவிடம் நான் கேட்காத கேள்வி அது.

பின்னாலேயே வந்து நின்ற மனைவிக்கும் இதெல்லாம் கேட்டது. திரும்பி வரும்போது வாகனத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தது என் பிழைதான். அதைச் சொல்லவும் செய்தேன். வழியில் சம்மாந்துறை தாண்டிய பிறகுதான் கதைத்தாள்.

"கட்டில் தூக்கிற அந்த நாலு பேரையும் எப்ப வரச் சொல்ற?"

இப்போது ஆலைக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறோம். அன்று முன் அறையில் நான், நெல் வாசத்தில் மாமா. இன்று அந்த வாசம் எனக்கு. ஊர் என்னைப் பெரிய மனுஷன் என்கிறது... எனக்கோ முதுகை நீட்டிக் கொஞ்சம் படுத்தால் போதும் என்றிருக்கிறது.

போன மாரியில் முதல் மழை பெய்த காலை, மகன் வந்து வாசலில் நின்றான்.

"இது காணுமா வாப்பா?"

காணும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மனைவி நனைந்த தலையணையைத் தூக்கிக் காட்டினாள்.

"காணாது மனே. ஏறிக் கூரையப் பாரு."

அவன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். மாமாவும் அன்று இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஏறியிருப்பேன்... ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.