வெள்ளிக்கிழமை ஆள்

கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் மணியடிக்கிறவர் அவர். ஒடிசலான உடம்பு, வெளுத்த சாரம், நகக்கண்ணில் எப்போதும் மண். பெரிய வெள்ளியன்று முன்வரிசையில் உட்கார்ந்து அழுவாராம். ஈஸ்டர் காலையில் மணியடித்துவிட்டு வெளியே போய்விடுவாராம்.

ஒரு ஈஸ்டருக்குப் பண்டாரவளையிலிருந்து பிரசங்கத்துக்குப் போன நான், அவர் பின்னாலேயே போனேன்.

"உள்ள வாங்கண்ணே. நம்ம பாவத்துக்காகச் செத்தவர் எழும்பினாத்தானே மீட்பு முழுசாகும்?"

அவர் எதிரே சரிந்து கிடந்த மலையைப் பார்த்தார். அவர் மனைவியும் மகளும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். உடல்கள் கிடைக்கவே இல்லை.

"சிலுவையில அவரு 'முடிந்தது'ன்னாரு. இங்க மண்ணு தோண்டுன பெக்கோ மிசின்காரனும் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனான். அந்த வெள்ளிக்கிழம வரைக்கும் அவரு நம்ம ஆளுங்கய்யா, அழ வர்றேன். அவரு கல்லறைக் கல்லப் புரட்டத் தூதன் வந்தான். எங்களுக்கு யாரு வந்தா? ஞாயித்துக்கிழம அவரு வேற ஆளு."

நான் உள்ளே போனேன். உயிர்த்தெழுதலைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். நல்ல பிரசங்கம் என்று எல்லோரும் கைகொடுத்தார்கள்.

ஆராதனை முடிந்தது என்று வெளியே அவர் மணியடித்தார்.